ராயபுரத்தில் ஷ்முவேலைத் தேடி

ரங்கூனிலிருந்து சென்னைக்குக் கப்பல் ஏறும் தமிழர்கள் கல்யாணத்துக்கு வருவார்கள், வேண்டுதலை நிறைவேற்ற வருவார்கள், பங்காளிச் சண்டைக்கும் வருவார்கள். நான் ஒரு யூதருடைய கல்லறையைத் தேடி வந்தேன். கல்லைப் படிக்கத் தெரிய வேண்டுமே என்று கப்பலில் இருந்த நாளெல்லாம் எபிரேய மொழி படித்துக்கொண்டு வந்தேன்.

எனக்கு ரங்கூனில் ஒரு விளக்குக் கடையில் குமாஸ்தா வேலை. பிறந்ததும் அங்கேதான். சென்னையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கடை முதலாளி மோசே யூதர். அவருடைய பாட்டன் காலத்தில் பாக்தாதிலிருந்து வந்த குடும்பம். அவருக்கு ஒரே மகள் ஹன்னா. ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டை முடிந்த சமயத்தில் பாலஸ்தீனத்து யாப்பாவிலிருந்து எலாசாரின் மகன் ஷ்முவேல் என்ற இளம் வாத்தியார் ஒருவர் யூதப் பிள்ளைகளுக்கு எபிரேயம் சொல்லிக்கொடுக்க வந்தார். மற்றவர்கள் ஜெபத்துக்கு மட்டும் வைத்திருந்த மொழியில் அவர் தண்ணீர் கேட்பார், நாயை விரட்டுவார். ஹன்னாவுக்கும் அவருக்கும் கல்யாணம் நடந்தது. இரண்டு வருஷம் கழித்துக் கடை வேலையாகச் சென்னைக்குப் போனவர் திரும்பவில்லை. "ராயபுரத்தில் அம்மை போட்டுச் செத்துப்போனார்" என்று ஒரு கப்பல்காரன் சொன்னான். வந்த செய்தி அவ்வளவுதான்.

எட்டு வருஷம் ஓடிவிட்டது. அவர்கள் சட்டப்படி கணவன் இறந்ததற்குச் சாட்சி வேண்டும். இல்லாவிட்டால் அவன் பெரியவர்கள் முன்னால் நின்று தன் கையாலேயே மனைவிக்கு விலக்குச் சீட்டு கொடுக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அவள் ஆயுள் முழுக்க அவனுக்குக் கட்டுப்பட்டவள். ஹன்னாவுக்கு இருபத்தெட்டு வயது. கல்கத்தாவில் ஒருவர் அவளை மணக்கத் தயாராக இருந்தார், ஆனால் சாட்சி இல்லாமல் ஒன்றும் நடக்காது. முன்பு இரண்டு பேரை அனுப்பிப் பார்த்தார் முதலாளி. "ஏதோ கல் இருக்கிறது, எங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை" என்று அவர்கள் திரும்பி வந்தார்கள். அவருக்கோ கால் விழுந்துவிட்டது.

"சிவலிங்கம், நீ படித்தவன். கல்லில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதிக்கொண்டு வா. ஒரு எழுத்து மாறினாலும் என் மகள் வாழ்க்கை கெட்டுவிடும்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் கப்பலில் என்னைத் தூங்கவிடவில்லை.

அவர் கொடுத்த புத்தகம் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்காக அச்சிட்டது. முதலில் எழுத்துகள், பிறகு வணக்கங்கள், கடைசியில் இலக்கணம். 'ஷாலோம்' என்றால் வணக்கம், விடைபெறும்போதும் அதுவே. 'தோடா' என்றால் நன்றி. எழுத்து வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் போகிறது. உயிர்க்குறி போடாமல் எழுதுகிறார்கள். புள்ளி இல்லாத ஓலையைப் படிப்பது போல நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். 'நான் வாத்தியார்' என்பதற்கு 'அனி மோரே'. நடுவில் வினைச்சொல் கிடையாது. இதை ஆங்கிலேயர்களுக்கு விளக்கப் புத்தகம் அரைப் பக்கம் மல்லுக்கட்டியது. எனக்கு அந்த அரைப் பக்கம் தேவைப்படவில்லை. தமிழிலும் நாம் அப்படித்தானே சொல்கிறோம்?

இடறியது வேறு இடத்தில். எதிரில் நிற்பவர் ஆணென்றால் 'அத்தா', பெண்ணென்றால் 'அத்'. நம்முடைய 'நீ'க்கு ஆண் பெண் பேதம் இல்லை. அவர்களுக்கோ 'நீங்கள்' என்ற மரியாதை இல்லை. பெரிய மனிதரையும் 'நீ' என்றுதான் கூப்பிட வேண்டும் என்றபோது எனக்கு நாக்குக் கூசியது. ஏவலிலும் அந்தப் பேதம் உண்டு. ஆணை 'வா' என்று கூப்பிட 'போ', நம் 'போ'வைச் சற்று அழுத்திச் சொன்னது போல. பெண்ணைக் கூப்பிட 'போயி'. நாம் விரட்டுகிற சொல்லால் அவர்கள் அழைக்கிறார்கள்! மேல்தளத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்துவிட்டேன். அந்தப் பயணத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

திரும்பும் கப்பலுக்கு எட்டு நாள் இருந்தது.

முதல் நாள் துறைமுக வாசலில் ரிக்‌ஷாக்காரர் ஒருவர் என்னைப் பார்த்ததும் வண்டியைத் தாழ்த்தினார். "இன்னா நைனா, முய்ச்சிக்கினு கீற? ரங்கோன் கப்பலா? குந்து, இஸ்துகினு போறேன்" என்றார். என் தமிழ் அவருக்குப் புரிந்தது. அவர் தமிழில் பாதி எனக்குப் புரியவில்லை. எபிரேயத்துக்குப் புத்தகம் கொண்டுவந்தவன் இதற்கு ஒன்றும் கொண்டுவரவில்லையே என்று கவலையாகிவிட்டது. ராயபுரத்தில் தங்குமிடம் என்று நான் சொன்னதை ராயபுரம் ரயில் நிலையம் என்று எடுத்துக்கொண்டு அங்கே இறக்கிவிட்டார். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வெயிலில் மாதா கோயில் வரைக்கும் நடந்தேன். அதன் அருகே ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் அறை கிடைத்தது.

கடையில் புட்டும் நெத்திலிக் குழம்பும் போட்டார்கள். ரங்கூனில் காலையில் மீன் சாற்றில் அரிசிச் சேமியா மிதக்கும் மொஹிங்கா சாப்பிட்டுப் பழகிய வாய். நெத்திலியின் காரத்தில் கண்ணீர் வந்தது, ஆனாலும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். ரங்கூன் துறைமுகத்தில் தேக்குமர வாசனை அடிக்கும். இங்கே நிலக்கரிப் புகையும் மீன் வாடையும் காற்று மாற மாற மாறி மாறி வந்தன.

இரண்டாம் நாள் கோட்டைக்கு வடக்கே யூதர்களின் பழைய கல்லறைத் தோட்டத்தைக் கண்டுபிடித்தேன். ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பூட்டு துருப்பிடித்திருந்ததால் காவல்காரர் சுவரின் இடிந்த பக்கமாக என்னை ஏற்றிவிட்டார். பத்துப் பதினைந்து கல் இருக்கும். பாதி மண்ணில் புதைந்திருந்தன. தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துப் படித்தேன். நாலாவது கல்லில் ஷீன், மேம், வாவ், அலெப், லாமேத் என்று வரிசையாக எழுத்துகள் எழும்பின. ஷ்முவேல்! எழுத்துக்கு எழுத்து எழுதிக்கொண்டு, காவல்காரருக்கு நன்றிகூடச் சொல்லாமல் தந்தி ஆபீசுக்கு ஓடினேன்.

தந்தித் தாளில் 'கல்லறை கிடைத்தது' என்று எழுதி வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். நிற்கும் நேரத்தில் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று நான் எழுதிய தாளை எடுத்தேன். மேல் வரி தேய்ந்துபோயிருந்ததால் ஷ்முவேல் என்ற பெயருக்கு முன்னால் இரண்டே எழுத்துள்ள சொல் ஒன்றுதான் இருந்தது. அவசரத்தில் அதை, கற்களில் 'இங்கே அடக்கம்' என்பதற்குப் போடும் இரண்டெழுத்துச் சுருக்கம் என்று நினைத்திருந்தேன். அந்தச் சுருக்கத்தின் கடைசி எழுத்து ஒரே கோடாக இறங்கி அடியில் மடங்கும். நான் எழுதியிருந்த எழுத்து அப்படி இல்லை. வாசல் நிலை போல இரண்டு கால் வைத்திருந்தது. அது 'பத்'. 'பத்' என்றால் மகள், மகனென்றால் 'பென்'. அந்தக் கல் ஷ்முவேலுடையது அல்ல. எந்தக் காலத்திலோ வாழ்ந்த வேறொரு ஷ்முவேலின் மகளுடையது.

"அடுத்தது யாரு? இன்னாய்யா, குடுக்கப் போறியா இல்லியா?" என்று ஜன்னலுக்குள்ளிருந்து குமாஸ்தா சத்தம் போட்டார். நான் தாளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். வரிசையில் ஆள் குறைவாக இருந்திருந்தால் ஹன்னாவைப் பொய்யாக விதவையாக்கியிருப்பேன்.

மூன்றாம் நாள் மீதிக் கற்களையும் தேய்த்தேன். எல்லாம் பழையவை. காவல்காரர் வெற்றிலை மென்றபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் நைனா பேஜாரு பண்ணிக்கினு கீற? நான் இங்க வந்து பன்னண்டு வர்சம் ஆவுது. ஒரு பொணம்கூட உள்ளாற வர்ல. ஆர நீ தேடற?"

சொன்னேன்.

"அம்மையா? அம்மை போட்டவங்களயெல்லாம் தண்டையார்பேட்டைக் கொட்டாயிலதான் போடுவாங்கோ. அங்க போய்க் கேளு" என்றார்.

மூன்று நாளில் எனக்குக் கிடைத்த உருப்படியான சொல் அது. ஆனால் கொட்டகையில் அனாதையாக இறந்தவருக்குக் கல்லா நட்டிருப்பார்கள்? கல் இல்லையென்றால் நான் எதை எழுதிக்கொண்டு போவது? அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் மண்ணெண்ணெய் டாங்குகளைத் தாண்டிப் போனேன். அம்மைக் கொட்டகை நீளமாக, ஓலை வேய்ந்து, வேப்பிலை கட்டி நின்றது. அங்கே பல வருஷமாக வேலை பார்க்கும் ஆயா ஒருத்தி வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். வெளிநாட்டுக்காரர், எட்டு வருஷத்துக்கு முன், தாடி, சிவந்த மேனி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"ரெண்டு பேர் கெடந்தாங்கோ அந்த மாதிரி. ஒருத்தன் கப்பல்காரன். அவன் பூட்டான். இன்னொருத்தரு வாத்தியாரு."

"வாத்தியார்தான்! அவரை எங்கே புதைத்தார்கள்?"

ஆயா வாளியைக் கவிழ்த்தாள். "பொதைக்கிறதா? யாரு சொன்னா அவரு செத்தாருன்னு? ஒரு கண்ணு பூட்ச்சு, மொவம் அல்லாம் பள்ளம் பள்ளமா ஆயிட்ச்சு. கஞ்சி கொண்டாந்துகினு இருந்தாளே மீன்காரி ஆரோக்கியம், அவ கூட எய்ந்து நடந்து பூட்டாரு. நெட்டுக்குப்பம் பக்கம் கீறாங்கன்னு கேள்வி."

அடுத்த கட்டிலில் இறந்தவன் கப்பல்காரன். ஆள் மாறிச் செய்தி ரங்கூனுக்கு வந்திருக்கிறது. செத்தவர் பிழைத்திருக்கிறார் என்று கேட்டால் சந்தோஷப்பட வேண்டும். எனக்குப் பயம்தான் வந்தது. கல் பேசாது, வாதாடாது. உயிரோடு இருக்கிற மனிதரிடம் போய் நான் என்ன சொல்வது?

ஐந்தாம் நாள் எண்ணூர்ப் பக்கம் போகும் ஜட்கா ஒன்றில் ஏறினேன். கூட இரண்டு தெலுங்குப் பெண்கள் உப்பு மூட்டைகளோடு வந்தார்கள். "இந்த ஆள் மூஞ்சியைப் பார், கருமாதிக்குப் போகிறவன் போல இருக்கிறான்" என்று ஒருத்தி தெலுங்கில் சொன்னாள். "கருமாதியானால் தலை முழுகியிருப்பானே, கடன்காரனுக்குப் பயந்து ஓடுகிறான்" என்றாள் மற்றவள். ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்கள் பெரும்பாலும் தெலுங்கர்கள். எனக்கு அந்தப் பேச்சு நன்றாகப் புரியும். புரியாதது போல வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். திருவொற்றியூரைத் தாண்டியதும் மணலில் சக்கரம் இறங்கி அச்சு முறிந்தது. குதிரை நின்றுவிட்டது. "எறங்கு நைனா, இனிமே உன் காலுதான் வண்டி" என்றார் வண்டிக்காரர். உப்பு மூட்டைகளை இறக்க உதவிவிட்டு நடந்தேன். இடப்பக்கம் உப்பளம், வலப்பக்கம் கடல், தலைக்கு மேல் ஒரு நிழலும் இல்லை.

நெட்டுக்குப்பம் கழிமுகத்தின் ஓரத்தில் இருக்கிறது. படகுகள் கரையில் சாய்ந்து கிடந்தன. பெண்கள் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார்கள். யாரிடம் எப்படிக் கேட்பது, கேட்டால் அவர் ஓடிவிடுவாரா என்று தயங்கிக்கொண்டே நின்றேன். ஓலைப் பந்தல் ஒன்றின் கீழே ஒருவர் முதுகு காட்டி உட்கார்ந்து படகுப் பாய் தைத்துக்கொண்டிருந்தார். தலைப்பாகையும் கைலியும் கட்டியிருந்தார். வெயிலில் கறுத்த முதுகு. கழியின் விளிம்பில் ஐந்தாறு வயதுப் பெண்குழந்தை ஒன்று தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் தலையைத் தூக்கி, "போயி! போயி!" என்று கூப்பிட்டார்.

குழந்தை தண்ணீரை விட்டுத் திரும்பி அவரிடம் ஓடிவந்தது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். குப்பத்தில் யாருக்கும் அதில் விசேஷம் தெரிந்திருக்காது. பெண்ணை 'வா' என்று கூப்பிட 'போயி'. புத்தகத்தில் பார்த்த சொல்லை ஒரு மனிதர் வாயில் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

பக்கத்தில் போனேன். "ஷாலோம். அத்தா ஷ்முவேல் பென் எலாசார்?" என்று கேட்டேன்.

ஊசி அவர் கையிலிருந்து விழுந்தது. திரும்பினார். இடது கண் வெள்ளையாக மூடியிருந்தது. முகம் முழுக்க அம்மைத் தழும்பு. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ ஆருய்யா? உன்ன ஆரு அனுப்சாங்கோ?" என்றார்.

நான் எபிரேயத்தில் கேட்டேன். அவர் மீன்காரத் தமிழில் பதில் சொன்னார்.

முதலாளி பெயரைச் சொன்னேன். அவர் ஓடவில்லை. குழந்தையை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, தைத்துக்கொண்டிருந்த பாயை மடியில் சுருட்டிக்கொண்டார். "கண்ணாடியில பாத்தேன். இந்த மூஞ்சியோட அவகிட்ட எப்படிப் போறதுன்னு ஒரு மாசம் தள்ளினேன். அப்புறம் ஒரு வர்சம். அப்புறம் போவ முடியல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீ போய் அவன் செத்துட்டான்னு சொல்லிடு. கல்லுல இன்னா எய்தணுமோ நானே எய்தித் தரேன். அவளும் நல்லாருப்பா, நாங்களும் நல்லாருப்போம்."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அது எனக்கு நல்ல யோசனையாகத்தான் பட்டது. யாருக்கும் நஷ்டமில்லை. என் வேலையும் முடிந்தது. ஆனால் முதலாளி சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. கணவன் உயிரோடு இருக்கும்போது அவள் வேறொருவரை மணந்தால், பிறக்கும் பிள்ளைகளை அவர்கள் ஜனம் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கி வைக்கும்.

"நீங்கள் வாத்தியார். அந்தச் சட்டம் என்னைவிட உங்களுக்குத் தெரியும்" என்றேன். "என்றைக்காவது ஒரு கப்பல்காரன் உங்களை இங்கே பார்த்துவிட்டு ரங்கூனில் சொன்னால் அவள் பிள்ளைகள் கதி என்ன?"

எனக்குப் பின்னால் கூடை கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. ஆரோக்கியம் மீன் விற்றுவிட்டுத் திரும்பியிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. உயரமான பெண், கையெல்லாம் செதில் ஒட்டியிருந்தது.

"அந்தப் பொண்ணு பேரு இன்னா?" என்று என்னைக் கேட்டாள்.

"ஹன்னா."

"எத்தினி வர்சமா காத்துக்கினு கீது?"

"எட்டு."

அவர் பக்கம் திரும்பினாள். "பொண்டாட்டி செத்துட்டான்னு சொன்னியே, மச்சான்."

அவர் தலை குனிந்தார்.

"எட்டு வர்சமா ஒரு பொம்பள உன் பேரச் சொல்லிக்கினு உக்காந்துகினு கீறா. நீ இங்க பாய் தச்சிக்கினு கீற. நான் உனக்கு மீன் கொயம்பு ஆக்கிப் போட்டுக்கினு கீறேன்." கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும். பிறகு என்னிடம், "அவரு வந்து நின்னாத்தான் ஆவுமா? காயிதத்துல எய்திக் குடுத்தா ஆவாதா?" என்றாள்.

"அவரே நிற்க வேண்டும். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. மனசார வந்தால்தான் செல்லும்."

"கப்பலு என்னிக்கு?"

"இன்னும் மூன்று நாளில்."

"நீ போ ரங்கோன்காரரே. நாங்க பேசிக்கிறோம்" என்றாள்.

ஆறாம் நாளும் ஏழாம் நாளும் ராயபுரத்து மாடி அறையில் கழிந்தன. செய்தி ஒன்றும் வரவில்லை. மறுபடி நெட்டுக்குப்பம் போகலாமா என்று இரண்டு தடவை தெருமுனை வரை போய்த் திரும்பினேன். போய் வற்புறுத்தினால் மனசார வந்ததாக ஆகாதே. கடையில் சுறாப்புட்டு வைத்தார்கள். மணலைத் தின்பது போல இருந்தது. ஏழாம் நாள் சாயங்காலம், அவர் வராவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் ஒரு தாளை எடுத்து, கல்லறைகளில் பார்த்துப் பழகிய எழுத்துகளை வலமிருந்து இடமாக எழுதினேன். 'இங்கே அடக்கம் செய்யப்பட்டவர் ஷ்முவேல் பென் எலாசார்.' பிழையில்லாமல் வந்தது. இவ்வளவு சுத்தமாக வந்துவிட்டதே என்று எனக்கே திகிலாகிவிட்டது. உயிரோடு இருப்பவருக்குச் சாவோலை எழுதியவன் கை இது என்று பட்டது. தாளைக் கிழித்து, கடை அடுப்பில் கொண்டுபோய்ப் போட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

எட்டாம் நாள் காலையிலேயே துறைமுகத்துக்குப் போய்விட்டேன். கூலிக்குப் போகும் ஆட்கள் நூற்றுக்கணக்கில் மூட்டையோடு குந்தியிருந்தார்கள். மருத்துவர் ஒவ்வொருவர் கையிலும் அம்மை குத்திய தழும்பைப் பார்த்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. பின்னால் இருப்பவர்களை முன்னே விட்டேன். மறுபடி வந்தது. மறுபடி விட்டேன். "இன்னாய்யா நீ, போறியா நிக்கிறியா?" என்று சிப்பாய் அதட்டினான்.

அப்போது கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஆரோக்கியம் வந்தாள். இடுப்பில் குழந்தை. பின்னால் அவர், துவைத்த வேட்டி சட்டையில். ஒரு துணி மூட்டை மட்டும் கையில்.

மருத்துவர் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்து, "உனக்கு ஊசி எதற்கு? உனக்கு இனிமேல் அம்மை வராது" என்று முதல் ஆளாக அனுமதித்துவிட்டார். இரண்டு நாளாக நான் அந்த இடத்தில் என்ன தடங்கல் வருமோ என்று நினைத்து நினைத்து மருகியிருந்தேன்.

அவர் குழந்தையைத் தூக்கி எபிரேயத்தில் ஏதோ சொன்னார். வேகமாகச் சொன்னதால் எனக்குப் பிடிபடவில்லை. குழந்தைக்குப் புரிந்தது, தலையாட்டியது. குழந்தையை அவள் இடுப்பில் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போனார். ஆரோக்கியம் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"கோயில்ல வச்சு எங்களுக்குக் கண்ணாலம் ஆவல. அவரு ஞானஸ்நானம் வாங்கல, சாமியாரு முடியாதுன்னுட்டாரு. அத்தொட்டு நான் ஆருகிட்டயும் போய் நாயம் கேக்க முடியாது. புரிதா? அந்த ஊரு எங்க கீதுன்னுகூட எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது உன் மொவந்தான். நீதான் இட்டுகினு போற. நீதான் திருப்பி அனுப்பணும்."

"அவர் வருவார் அம்மா" என்றேன்.

"வருவாரான்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. என் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். படிக்கத் தெரியாதவள் அதை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கப்பலில் அவரும் நானும் மேல்தளத்தில் பக்கத்தில் பக்கத்தில் படுத்தோம். என் எபிரேயத்தைக் கேட்டுத் திருத்தினார். "கல்லுப் பேசற மாதிரி பேசற. இதெல்லாம் உசுரோட இருக்கறவங்க பேசற பாஷை" என்றார். மற்ற நேரமெல்லாம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரங்கூனில் பழைய வீட்டைப் பார்த்ததும் மனம் மாறி அங்கேயே தங்கிவிட்டால்? நெட்டுக்குப்பத்துக்கு யார் பதில் சொல்வது? சாட்சி தேடிப் போனவன், இப்போது இரண்டு பெண்களுக்குப் பிணையாகிவிட்டேன்.

விலக்குச் சீட்டு எழுதத் தெரிந்த பெரியவர் கல்கத்தாவிலிருந்து வர வேண்டியிருந்தது. பத்து நாள் ஆயிற்று. அத்தனை நாளும் ஷ்முவேல் கடைக்குப் பின்னால் என் அறையில்தான் இருந்தார். முதலாளி அவரைப் பார்க்க மறுத்துவிட்டார். ஹன்னாவிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன், கண்ணையும் தழும்பையும் குழந்தையையும் ஆரோக்கியத்தையும். கேட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவர்கள் ஜெபவீட்டில் காரியம் நடந்தது. நான் அன்னியன் என்பதால் வாசலில் நின்றேன். ஹன்னா மோதிரங்களைக் கழற்றிவிட்டு இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினாள். எட்டு வருஷத்துக்குப் பிறகு அவர் முகத்தை அப்போதுதான் பார்த்தாள். பார்வையை எடுக்கவில்லை. அவர் சீட்டை அவள் கைகளில் போட்டுச் சொன்னார். மெதுவாகச் சொன்னார். ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது. 'இதோ உன் விலக்குச் சீட்டு. இதனால் நீ இன்று முதல் என்னை விட்டு விலகினவள். எவரையும் மணக்க உனக்கு உரிமை உண்டு.' அந்த 'நீ', பெண்ணுக்கு உரிய 'அத்'.

ஹன்னா சீட்டைக் கையில் வைத்தபடி இரண்டு அடி நடந்தாள். பெரியவர்கள் தலையசைத்தார்கள். வெளியே வரும்போது அவர் பக்கத்தில் நின்றாள்.

"மா ஷ்மா?" என்று கேட்டாள். அவள் பெயர் என்ன? குழந்தையைத்தான் கேட்டாள்.

"ராகேல்" என்றார்.

அவள் அந்தப் பெயரை ஒரு தடவை தானும் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு அப்பாவின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த மழைக்காலத்துக்குள் அவளுக்குக் கல்கத்தாவில் கல்யாணம் முடிந்தது.

சீட்டுக் கொடுத்த அன்று, சென்னைக் கப்பலுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. என் அறைக்கு வரச் சொன்னேன், ஷ்முவேல் வரவில்லை. கப்பல் முன்கூட்டியே கிளம்பிவிட்டால் என்ன செய்வது என்று துறைமுகக் கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தார். சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன். பாதி சாப்பிடும்போதே எழுந்து நங்கூரம் தூக்குகிறார்களா என்று போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

புறப்படும் நாளன்று ஏணிப்படி வரை கூடப் போனேன். மேலே போனதும் கைகாட்டுவார் என்று கரையில் நின்றேன். கைகாட்ட ஓரத்துக்கு அவர் வரவில்லை. கயிறு இன்னும் அவிழ்க்கவில்லை, கப்பல் அசையவும் இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, மூட்டையை மார்போடு அணைத்து, கப்பலின் முன்முனைக்குப் போய் நின்றுகொண்டிருந்தார்.